மூதூர் 64ஆம் கட்டை: எங்கிருந்து 64? (ஏ-15 வீதி பற்றி ஒரு கேள்வி)

வெள்ளைமணல் ரைடர் | புதன், இரவு 9.20

வணக்கம். கிழமைக்கு இரண்டு தடவை திருகோணமலையிலிருந்து வாகரை வரை மோட்டார் சைக்கிளில் போய்வருபவன் நான். கடைகளில் பிஸ்கட், சவர்க்காரம் ஓடர் எடுக்கிற வேலை. போன கிழமை கொழும்பிலிருந்து புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். மூதூருக்குக் கிட்ட ஒரு கடையில் நிறுத்திப் பில் எழுதும்போது விலாசம் கேட்டார். "64ஆம் கட்டை, மூதூர்" என்றேன். "எங்கிருந்து 64?" என்று திருப்பிக் கேட்டார்.

பதில் வரவில்லை. இத்தனை வருடமாக அந்தப் பெயரை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. நம் பக்கத்தில் கட்டை என்றால் மைல். நிலாவெளி வீதியில் மூன்றாம் கட்டை என்றால் திருகோணமலைப் பட்டினத்திலிருந்து மூன்று மைல், அது விளங்குகிறது. ஆனால் பட்டினத்திலிருந்து மூதூருக்கு இப்போது நாற்பது கிலோமீட்டருக்கு உள்ளேதான் வரும். அறுபத்துநாலு மைல் எங்கிருந்து வந்தது?

கடைக்கார நானாவிடம் கேட்டேன். "வாப்பா காலத்திலயும் 64தான் தம்பி, கூடவும் இல்லை குறையவும் இல்லை" என்றார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த வீதியின் பழைய கதையும் தெரிந்தால் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாலையூற்றுப் பையன் | புதன், இரவு 9.41

கண்டியிலிருந்து, அண்ணா. வெள்ளைக்காரன் காலத்து வீதி எல்லாம் கண்டியிலிருந்துதான் அளந்தார்கள்.

சங்கிலிக் கணக்கர் | புதன், இரவு 10.35

தம்பி பாலையூற்று, அடித்துவிட வேண்டாம். கண்டியிலிருந்து திருகோணமலைக்கே 180 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 64 மைலை வைத்துக்கொண்டு அங்கிருந்து மூதூருக்குக் காகம்கூடப் பறந்து வராது.

நான் நில அளவைப் பக்கம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். விடை வீதியின் பெயரிலேயே இருக்கிறது. ஏ-15இன் முழுப்பெயர் மட்டக்களப்பு – திருக்கொண்டியாமடு – திருகோணமலை வீதி. முதலில் எந்த ஊர் வருகிறதோ அங்கிருந்துதான் கட்டை எண்ணிக்கொண்டு வருவது வழக்கம். ஏ-6ஐப் பாருங்கள்: அம்பேபுஸ்ஸ – குருநாகல் – திருகோணமலை. ஏ-12: புத்தளம் – அநுராதபுரம் – திருகோணமலை. நம் ஊர் மூன்றிலும் கடைசியில்தான் நிற்கிறது. பெரிய வீதி எல்லாம் எங்கோ தொடங்கி இங்கே கடலில் முடிகிற ஊர் இது.

இனிக் கணக்கு. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். 64ஐப் பெருக்கினால் 103 வரும். மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, வாழைச்சேனை, வாகரை, வெருகல் வழியாக மூதூருக்கு வாருங்கள், அந்தத் தூரம்தான் வரும். ஆகவே உங்கள் 64 மட்டக்களப்புக்காரரின் 64.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் ஏ, பி என்று எழுத்து வைத்த வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சி, டி மாகாண சபையின் திணைக்களத்துக்கு. மிச்சம் பிரதேச சபைக்கு. அதனால் வீதி உடைந்தால் முதலில் அது என்ன எழுத்து என்று பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். எங்கள் ஒழுங்கை வடிகாலுக்கு நான் மூன்று வருடம் பிழையான கந்தோருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர்களும் ஒவ்வொரு முறையும் 'கிடைக்கப்பெற்றது' என்று பதில் போட்டார்கள், நன்றி.

வெள்ளைமணல் ரைடர் | புதன், இரவு 10.50

ஐயா, மிக்க நன்றி. அப்படியென்றால் நான் ஓடுவது வீதியின் வால் பக்கத்தில் இருந்து தலைப் பக்கத்துக்கு!

துறையடியான் | வியாழன், காலை 6.05

சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் இங்கே மைல் கணக்கு ஓடுகிறது. கிண்ணியாவில் எங்களுக்கு அந்த வீதியின் தூரம் மைலில் இருந்ததே இல்லை, துறையில்தான் இருந்தது. மட்டக்களப்புக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் "அஞ்சு துறை" என்பார்கள். கிண்ணியா, உப்பாறு, கங்கை (மகாவலியைத்தான் சொல்கிறேன்), இறால்குழி, வெருகல். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டி வரும் என்பதைப் பொறுத்துப் பயணம் அரை நாளா முழு நாளா என்பது முடிவாகும்.

இளம் ஆட்களுக்கு ஒரு சொல் சொல்லித் தருகிறேன். எங்கள் ஊரில் 'பாதை' என்றால் வீதி அல்ல. தண்ணீரில் வாகனத்தை ஏற்றி அக்கரை கொண்டுபோகிற மிதவைக்குப் பெயர்தான் பாதை. "பாதை அக்கரையில நிக்குது", "பாதை பழுது", "கடைசிப் பாதை போயிட்டுது" என்று கதைப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியாரிடம் யாரோ "பாதை அக்கரையில இருக்கு சேர்" என்று சொல்ல, அவர் காலுக்குக் கீழே பார்த்துவிட்டு "அப்ப நான் நிக்கிறது என்ன?" என்று கேட்டாராம். அந்தக் கதையை எங்கள் வாப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

இரண்டு பெரிய வள்ளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே பலகை அடித்தது போல இருக்கும். ஆற்றுத் துறைகளில் இக்கரைக்கும் அக்கரைக்கும் கம்பி வடம் கட்டியிருப்பார்கள். பாதைக்காரர் நாலைந்து பேர், ஆளுக்கொரு வாய் வெட்டிய மரக்கட்டை. அதைக் கம்பியில் கொழுவிப் பிடித்துக்கொண்டு பலகையில் முன்னிருந்து பின்னுக்கு நடப்பார்கள். அவர்கள் பின்னால் நடக்க, பாதை முன்னால் போகும். கடைசிக்கு வந்ததும் கட்டையைக் கழற்றிக்கொண்டு திரும்ப ஓடிவந்து கொழுவுவார்கள். கிண்ணியாத் துறையில் அது சரிவராது. தம்பலகாமக் குடாத் தண்ணீர் கொட்டியாரக் குடாவுக்குள் இறங்குகிற வாய் அது, ஆழமும் அதிகம், வற்றும் பெருக்குமாக இழுவை. அங்கே எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் இயந்திரம்தான்.

பஸ் வந்தால் சனம் எல்லாம் இறங்கவேண்டும். முதலில் வெறும் பஸ் ஏறும், பிறகு நாங்கள். அந்த ஏறுபலகையில் சில்லு வைக்கிற நேரம் ட்ரைவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி இருக்கும். கரையில் நிற்கிற நேரத்தில் கச்சான், அவித்த சோளம், தயிர்ச் சட்டி, தேத்தண்ணி என்று பெரிய வியாபாரம். மாரியில் கங்கை பெருகினால் பாதையை இழுத்துக் கரையில் கட்டிவிடுவார்கள். அப்புறம் வீதியே கிடையாது, தண்ணீர் வற்றும்வரை.

கொட்டியாரக்காரி | வியாழன், காலை 8.30

துறையடி நானா வடிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூதூர்க்காரி ஒருத்தி இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டீர்கள்! எங்களில் எத்தனை பேர் அந்த நாலு துறையையும் தாண்டிப் பட்டினம் போனோம்? கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொன்றாகக் காத்துக் கிடப்பதைவிட இறங்குதுறைக்குப் போய் லோஞ்சு ஏறினால் ஒரு மணித்தியாலத்தை ஒட்டிப் பட்டினம். எங்களுக்குப் பெரிய வீதி கடல்தான். ஏ-15 சும்மா பின்வாசல்.

அம்மா என் தம்பிக்கு வயிற்றோடு இருந்தபோது வாடைக்காலம். கொட்டியாரக் குடா வடகிழக்கைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் அலை நேரே உள்ளே வரும். லோஞ்சுக்காரர் காலையில் ஒரு தரம் கடலைப் பார்த்துவிட்டு "இண்டைக்கு இல்லை" என்றார். வீதிப்பக்கம் போனால் கங்கையில் பாதை கட்டிப்போட்டிருக்கிறது. தம்பி கடைசியில் ஊரிலேயே, பக்கத்து வீட்டு ஆச்சியின் கையில் பிறந்தான். நல்லாத்தான் இருக்கிறான், இப்போது கட்டாரில்.

அதனால் பாலம் வந்ததைப் பற்றி யாரும் என்னிடம் பழைய காலம்தான் அழகு என்று சொல்லவேண்டாம். கச்சானும் சோளமும் வீட்டிலேயே அவித்துச் சாப்பிடலாம்.

துறையடியான் | வியாழன், காலை 8.52

தங்கச்சி, அழகு என்று நான் சொல்லவில்லை, இருந்தது என்று சொன்னேன். ஆனால் நீங்கள் சொல்வது சரி. மூதூர் லோஞ்சை மறந்தது என் பிழை.

தம்பலகாமத்தான் | வியாழன், மதியம் 1.15

பழைய கதை கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் வந்து வீதி போட்டான் என்று எல்லா இடத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது. கல்லும் கட்டையும் அவர்கள் போட்டதுதான். தடம் அவர்களுடையது இல்லை. திருகோணமலை மாவட்டம் பழைய கணக்கில் நாலு பற்று: பட்டினப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாபுரப்பற்று. இந்த ஏ-15இன் நம் பக்கத்துத் துண்டு பெரும்பாலும் கொட்டியாபுரப்பற்றுக்குள் ஓடுகிறது. 1786இல் திருகோணமலையில் இருந்த ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் இந்தப் பற்றுகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கிராமம், குளம், வயல், கோயில் என்று பார்த்ததைக் குறித்திருக்கிறார். அப்போது ஏ-யும் இல்லை, 15உம் இல்லை. ஆனாலும் ஊரிலிருந்து ஊருக்கு ஆள் போய்வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அதைவிடப் பழைய நடை ஒன்று இருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு வழியாகத் திருகோணமலை வந்து, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று இறங்கிக் காட்டுக்குள் போவார்கள். வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலில் தங்காமல் யாரும் போவதில்லை. வரைபடத்தை எடுத்து, யாத்திரைக்காரர் நடக்கிற கோட்டையும் ஏ-15ஐயும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் நிறைய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இது என் ஊகம்தான்: வீதி போட்டவன் சும்மா நேர்கோடு இழுக்கவில்லை, ஆட்கள் ஏற்கெனவே ஆறு கடந்துகொண்டிருந்த இடத்தைப் பார்த்துத்தான் துறை வைத்தான். ஆற்றில் கடக்கக்கூடிய இடம் நிறைய இருக்காது. வீதி எத்தனை தடவை மாறினாலும் துறை சும்மா மாறாது.

மூதூரைப் பற்றிச் சொல்லும்போது வெள்ளைக்காரன் மரத்தை விட முடியாது. 1660இல் கொட்டியாரக் குடாவில் 'ஆன்' என்ற கப்பல் நின்றபோது ரொபேர்ட் நொக்ஸ் பிடிபட்டுக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனிடம் கைதியாகப் போனார். கப்பல் தலைவரான அவர் 19 வருடம் கழித்துத் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். பிடிபட்ட புளியமரத்தடியில் 1893இல் கல்லும் நட்டார்கள்.

நிறுத்தற்குறி | வியாழன், மதியம் 2.40

நல்ல பதிவு. ஒரு திருத்தம் மட்டும். கப்பல் தலைவர் தகப்பன். தப்பிப் போனது மகன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர், அதனால் வருகிற குழப்பம். தகப்பன் பிடிபட்ட அடுத்த வருடமே, 1661இல், காய்ச்சலில் இறந்துவிட்டார். அந்த 1893 கல்லிலேயே கப்பல் தலைவர்தான் 19 வருடம் கைதியாக இருந்தார் என்பது போல வெட்டியிருக்கிறது. கல்லில் வெட்டியதால் சரியாகிவிடாது.

தம்பலகாமத்தான் | வியாழன், மதியம் 2.58

ஒப்புக்கொள்கிறேன். நானும் கல்லைப் பார்த்துப் படித்தவன்தான்.

பாலையூற்றுப் பையன் | வியாழன், மாலை 5.10

ஒரு சந்தேகம். பாலம் இல்லாத காலத்தில் நேரே மட்டக்களப்புக்குப் போக ஏன் கஷ்டப்பட்டார்கள்? ரயில் இருந்ததே?

சங்கிலிக் கணக்கர் | வியாழன், மாலை 6.20

இருந்தது. 1920களின் கடைசியில் இரண்டு ஊருக்கும் ரயில் வந்துவிட்டது. ஆனால் இரண்டு பாதையும் கல்லோயாச் சந்தியில்தான் பிரிகின்றன. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ரயிலில் போவதென்றால் மேற்கே கல்லோயா வரை போய், அங்கே காத்திருந்து, திரும்பப் பொலன்னறுவை வழியாகக் கிழக்கே இறங்கவேண்டும். கரையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், பயணமோ நாட்டின் நடுவில். வீதியும் அதேதான். கரைவழி அடைபட்டால் ஏ-6இல் ஹபரணை போய், ஏ-11இல் பொலன்னறுவை, வெலிக்கந்தை கடந்து, மறுபடி ஏ-15ஐத் திருக்கொண்டியாமடுவில் பிடிக்கவேண்டும். வீதிப் பெயரின் நடுவில் அந்தச் சந்தி ஏன் குந்திக்கொண்டிருக்கிறது என்று இப்போது விளங்கும். அங்கேதான் ஏ-11 வந்து முடிகிறது.

இடையில் கந்தளாயிலிருந்து சேருநுவரப் பக்கம் வருகிற அல்லை வீதியும் ஒன்று உண்டு. கிண்ணியாத் துறையைத் தவிர்க்க அதில் போனவர்களும் உண்டு.

ஈச்சிலம்பற்று | வியாழன், இரவு 9.45

எல்லாம் வாசித்தேன். கரைவழி அடைபட்டால் என்று கணக்கர் ஐயா ஒரு வரியில் எழுதியிருக்கிறார். அது எத்தனை வருடம் அடைபட்டது என்று எங்கள் பக்கத்துச் சனத்துக்குத் தெரியும்.

2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவில் சண்டை தொடங்கியது. ஆகஸ்டில் மூதூர். அதன் பிறகு எங்கள் ஊரும் கிளம்பியது. எனக்குப் பதினொரு வயது. வெருகலைக் கடந்து கதிரவெளிப் பக்கம் நடந்தோம். நான் அழாமல் வருவதற்காக அப்பா "அடுத்த கட்டை வரைக்கும்தான்" என்பார். அது வந்ததும் "அதுக்கடுத்தது". பிறகு வாகரையில் இருந்தோம். 2007 ஜனவரியில் அங்கிருந்தும் மட்டக்களப்புப் பக்கம். அப்போது கட்டைகளின் எண் குறைந்துகொண்டு வருவதைக் கவனித்தேன். ஏன் குறைகிறது என்று அப்பாவிடம் கேட்கவில்லை. இன்றைக்கு இந்த இழையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வேறு ஒன்றும் எழுத விருப்பமில்லை. பாலங்களைப் பற்றிக் கதையுங்கள், வாசிக்கிறேன்.

வெள்ளைமணல் ரைடர் | வியாழன், இரவு 10.12

அக்கா, நன்றி.

மீன் லொறி | வெள்ளி, அதிகாலை 3.50

நான் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து திருகோணமலைக்கு மீன் ஏற்றுகிறவன். இப்போதும் ஐஸ் அடைபடும்வரை காத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் வால்பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள், நான் தலைப்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை வரை வீதி இல்லை அது, நீளமான கடைத்தெரு. சைக்கிள், ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளை, மாடு எல்லாம் இருக்கும். ஓட்டமாவடியில் பழைய பாலம் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே பாலமாக இருந்தது. ரயில் வந்தால் நாம் நிற்கவேண்டும். எங்கள் மாமா அதில் ஓட்டிய ஆள். தண்டவாளத்தில் சில்லு வழுக்கும் என்று மழைநாளில் வாயில் முருகன் பெயர் இல்லாமல் ஏறமாட்டார். இப்போது வீதிக்குத் தனிப்பாலம்.

திருக்கொண்டியாமடுவில் திரும்பினதும் சத்தம் அடங்கிவிடும். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, பால்சேனை, கதிரவெளி. கேணி கேணியாக வரும். கரையோர வீதி என்று பெயர்தானே தவிரக் கடல் கண்ணில் படுவது குறைவு. பனிச்சங்கேணியில் கடலேரியைக் கடக்கும்போது காற்று முகத்தில் அடிக்கும், அவ்வளவுதான். மிச்சம் பற்றைக்காடும் முந்திரித் தோட்டமும் மணலும். வெருகல் தாண்டினால் திருகோணமலை மாவட்டம், வயல் தொடங்கும். மகாவலி தன் தண்ணீரில் ஒரு பங்கை வெருகலாற்றில் விட்டுவிட்டு மிச்சத்தை மூதூர்ப் பக்கம் கொண்டுபோகிறது. அதனால் நாம் ஒரே கங்கையை இரண்டு மூன்று தடவை கடக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ரைடர் தம்பிக்கு: இரவில் வெருகல் – வாகரைத் துண்டில் ஓடவேண்டாம். மாடு தாரில் படுத்திருக்கும், சூட்டுக்கு. கறுப்பு மாடும் கறுப்புத் தாரும். யானையும் உண்டு, ஆனால் யானை எழும்பி நிற்கும், தெரியும்.

நிறுத்தற்குறி | வெள்ளி, காலை 9.05

பாலங்களுக்கு வருவோம். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், 2009 ஒக்டோபர் 20இல் திறந்தார்கள், சவூதி அரேபியாவின் நிதியுதவி. அந்த நேரத்தில் நாட்டிலேயே நீளமான வீதிப்பாலம். அதற்கு முன் அந்தப் பெயர் மனம்பிட்டியில் 2007இல் திறந்த 302 மீற்றர் பாலத்துக்கு இருந்தது. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் மகாவலியோடு சம்பந்தப்பட்ட இடங்கள்தான். ஒன்று ஆற்றின் மேல், மற்றது ஆறு வந்து சேர்கிற குடாவின் பக்கத்தில். உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகியவற்றுக்குப் பிரான்ஸின் உதவி, சுனாமிக்குப் பிந்திய திட்டம்.

கட்டைபறிச்சானில் இறால்பாலம் என்று ஒன்று இருக்கிறது. அதையும் இறால்குழிப் பாலத்தையும் குழப்பவேண்டாம். போன வருடம் ஒரு செய்தியில் குழப்பி எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

துறையடியான் | வெள்ளி, மாலை 4.30

ஜும்ஆ முடிந்து வந்து எழுதுகிறேன். பாலம் திறந்த அன்று நான் அங்கே நின்றேன். சனம் நடந்து நடந்து போய்த் திரும்பி வந்தது. அக்கரையில் வேலை ஒன்றும் இல்லை, சும்மா நடந்தார்கள். எங்கள் உம்மா எழுபத்தைந்து வயதில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். செருப்பு ஏன் கையில் என்றால், "புதுசுதானே மகன்" என்றார். பாலத்தைச் சொன்னாரா செருப்பைச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது.

துறை முடிந்துவிட்டது என்று மட்டும் யாரும் எழுதவேண்டாம். ஏ-15இல் முடிந்தது. அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது சனம் மிதவையில்தான் போனது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். கணக்கர் எழுதிய அந்த எழுத்து விஷயம் எனக்கு அன்றைக்கு ஞாபகம் வந்தது. பெரிய எழுத்து வீதிக்கு 396 மீற்றர் கிடைக்கும். சின்ன வீதிக்காரன் பாதையில் போகவேண்டும், நான் சொன்ன அந்தப் பாதையில்.

கொட்டியாரக்காரி | வெள்ளி, மாலை 5.02

அன்று மூதூரிலும் அடுப்பு எரியவில்லை, நானா.

சங்கிலிக் கணக்கர் | வெள்ளி, இரவு 7.45

பாலங்கள் வந்ததில் மூதூருக்கு ஒரு நட்டமும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. லோஞ்சு ஓடிய காலத்தில் மட்டக்களப்பு, வெருகல், தோப்பூர்ப் பக்கத்து ஆட்களும் மூதூர் இறங்குதுறைக்கு வரவேண்டியிருந்தது. ஊருக்குள் கடை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஓடியது. இப்போது நெடுந்தூர பஸ்ஸில் போகிறவனுக்கு மூதூர் என்பது 64ஆம் கட்டைச் சந்தி மட்டும்தான். ஊர் உள்ளே தள்ளி இருக்கிறது. இறங்குதுறை ஊரின் வாசலாக இருந்த காலம் போய், கட்டை வாசலாகிவிட்டது.

கொட்டியாரக்காரி | வெள்ளி, இரவு 8.20

அது உண்மைதான் ஐயா. ஆனாலும் தம்பி கட்டாரிலிருந்து வந்தால் கட்டுநாயக்காவிலிருந்து நேரே வீட்டு வாசலில் வானில் இறங்குகிறான். அந்த நட்டத்தை நாங்கள் தாங்கிக்கொள்கிறோம்.

வெள்ளைமணல் ரைடர் | வெள்ளி, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்விக்கு இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மேற்பார்வையாளருக்கு இழையை அனுப்பினேன், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் "மட்டக்களப்பிலிருந்து" என்று மட்டும் சொன்னேன். "ஓ, அவ்வளவுதானா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கலியாணம். திரும்பும்போது மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மீற்றரைக் குறித்துக்கொண்டு புறப்படப்போகிறேன். 64ஆம் கட்டையில் 103 காட்டுகிறதா என்று பார்ப்போம்.

சங்கிலிக் கணக்கர் | வெள்ளி, இரவு 9.48

தம்பி, மோட்டார் சைக்கிள் மீற்றர் சங்கிலி இல்லை. 66 அடிச் சங்கிலியை 80 தடவை போட்டு ஒரு மைல் எண்ணிய ஆட்கள் நாங்கள். டயரில் காற்றுக் குறைந்தாலே உங்கள் மீற்றர் கூடக் காட்டும். பாலங்கள் வந்தபோது வளைவுகளையும் கொஞ்சம் நிமிர்த்தியிருக்கிறார்கள். கோபுரத்தடியில்தான் சுழியம் என்று யார் சொன்னது? ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னே பின்னே வந்தால் என்னைத் திட்டவேண்டாம்.

மீன் லொறி | வெள்ளி, இரவு 10.30

கலியாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெயில் சாயும்முன் வெருகலைத் தாண்டிவிடுங்கள். மாடு, ஞாபகம்.

கொட்டியாரக்காரி | வெள்ளி, இரவு 10.41

64இல் நிற்கும்போது சொல்லுங்கள் தம்பி. சந்தியில் ஒரு சட்டி தயிர் தந்து விடுகிறேன், துறையடி நானாவுக்கு. பாலத்தடியில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

துறையடியான் | சனி, காலை 6.10

மூதூர்த் தயிரைக் கிண்ணியாவுக்கா அனுப்புகிறீர்கள்? சரி, அனுப்புங்கள். சட்டியைத் திருப்பி அனுப்பமாட்டேன்.